முப்பது மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் இழுப்பறையிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

மூக்கில் உட்காரும் சின்னப் பட்டை ஒன்று கழன்று விழுந்துவிட்டதென்று கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரம்மா 'கூட்டல் இரண்டு' என்று சீட்டு ஒட்டிய இழுப்பறையைத் திறந்தார். அதில் படிக்கிற கண்ணாடிகளுக்கு நடுவே, பஞ்சில் சுற்றிய சைக்கிள் கியர் ஒன்று பச்சைக்குழந்தை மாதிரி படுத்திருந்தது. சட்டென்று மூடினார். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இது வேற இழுப்பறை," என்றார்.

"எனக்குக் கிட்டப் பார்வையில கோளாறு இல்லம்மா," என்றேன்.

பேரம் அங்கே தொடங்கியது. அவர் சொல்வார், நான் எழுதலாம். ஆனால் அச்சுக்குப் போகுமுன் அவர் படிக்க வேண்டும்.

"என்னைப் பாவம்னு எழுதக் கூடாது. அவரை நோயாளின்னு எழுதக் கூடாது."

"அப்புறம் எழுத என்னதான் மிச்சம்?"

"சைக்கிள் இருக்கே."

2

தொடக்கம் ஒன்று: 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை வேளையில்' (தூறவில்லை. அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: 'கார்பன் என்பது நூலாக இழைக்கப்பட்டு, துணியாக அடுக்கப்பட்டு, பசையோடு சேர்த்துச் சூளையில் வேகவைக்கப்படும் ஒரு' (கதை கேட்க வந்தவரை வகுப்பில் உட்காரவைக்கிறேன். அடித்தாயிற்று. ஆனால் 'வேகவைக்கப்படும்' என்பதை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள். வெந்த பிறகு அதை இழுக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது.)

தொடக்கம் மூன்று: 'கணவன்மீது அவள் கொண்டிருந்த ஆழ்ந்த' (இதைப் படித்தால் கடைக்காரம்மா என்னைப் படியேற விடமாட்டார்.)

தொடக்கம் நான்கு. இதுதான் நின்றது (கதைக்குள் கடைக்காரம்மா வெறும் 'அவள்'):

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷம் லிஃப்ட் குழிக்குள் குனிந்து வேலை செய்த முதுகுக்குப் போன வருஷம் ஆபரேஷன் ஆனது. இப்போது ஆபீஸில் உட்கார்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசுகிறார். ஞாயிறுதோறும் அவர் ஓட்டிய சைக்கிள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. "வித்துடலாம் அதை. தூசிதான் அடையுது," என்று ஒருநாள் சொன்னார். சொன்ன குரலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. சைக்கிள் போனால் இந்த மனுஷன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைத்தாள். ஓட்டலாம், ஆனால் ரொம்பக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருக்குத் தெரியாமல் அவர் அளவுக்கே ஒரு கார்பன் சைக்கிள் செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

3

உதிரிபாகம் சேர்த்த ஐந்து மாதக் கதையைத் தனியாகவே எழுதலாம். பெடல் அச்சு முப்பது மில்லிமீட்டர் தடிமன். ஃபிரேமில் அதற்கு வந்த பேரிங் இருபத்து நான்குக்கானது. திருப்பி அனுப்பினாள். கியர்ப் பற்கள் வந்தன. அவை மாட்ட வேண்டிய பின்சக்கரத்தின் பள்ளங்கள் வேறு கம்பெனிக்காரனின் பள்ளங்கள். திருப்பி அனுப்பினாள். அது மட்டும் அப்படியே திரும்பி வந்தது; நான் இழுப்பறையில் பார்த்தது அதைத்தான். போனில் எல்லா வியாபாரியும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எல்லாத்துக்கும் சேரும் மேடம்."

"எல்லா மூக்குக்கும் சேர்ற கண்ணாடின்னு என்கிட்ட ஒண்ணு இருக்கு. அனுப்பட்டுமா?" என்று கேட்டாளாம்.*

* (இதை அவள் உண்மையிலேயே கேட்டாளா, எனக்குச் சொல்லும்போது சேர்த்துக்கொண்டாளா, தெரியாது. நானாக இருந்தால் சேர்த்திருப்பேன்.)

ஃபிரேமைச் செய்தவர் வேறு ஊரில் இருந்த ஒரு பெரியவர். அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார்.

"அளவு அவர் உடம்புல எடுத்ததுதானே தங்கச்சி?"

"ஆமாண்ணே."

பொய். ரகசியம் உடையக் கூடாதென்று, சுவரில் தொங்கிய பழைய சைக்கிளை டேப் வைத்து அளந்து அனுப்பியிருந்தாள். (அவர் தூங்கும்போது அளந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "தூங்கறவங்களுக்கு கண் டெஸ்ட் பண்ண முடியுமா?" என்றார் கடைக்காரம்மா. அதற்குமேல் நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.)

"ஃபோர்க் தண்டை நீளமாவே விட்டிருக்கேன்," என்றார் பெரியவர். "ஏத்திப் பார்த்துட்டு அறுத்துக்கோ. அவசரம் வேண்டாம்."

முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிரேமுக்குள் ஏறி வரும் குழாய்தான் தண்டு. அதன் தலையில்தான் ஹேண்டில்பார் உட்காரும். மிச்சமிருப்பதை அறுத்துவிடுவார்கள். குட்டையாக அறுத்தால் ஹேண்டில்பார் தாழும். தாழ்ந்தால் குனிய வேண்டும். அறுத்தது அறுத்ததுதான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கடையைப் பாதி சாத்திவிட்டு, பின்னறையில் சைக்கிளைச் சுவருக்கும் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கும் நடுவே நிறுத்தினாள். பழைய சைக்கிளின் உயரத்தில் தண்டைச் சுற்றி நீல டேப் ஒட்டினாள். டேப்புக்கு மேலே முப்பது மில்லிமீட்டர் மிச்சம். தூள் பறக்காமலிருக்க ஈரத்துணி, மூக்குக்கு முகமூடி. இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை டேப்பின் விளிம்பில் வைத்தாள்.

4

இங்கே வந்ததும் கடையில் ஒரு வாடிக்கையாளர் நுழைந்தார். கடைக்காரம்மா கதையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். நான் வீட்டுக்கு வந்து மிச்சத்தை நானே எழுதினேன். எழுத்தாளனிடம் ஆக்சா கொடுத்தால் சும்மா இருப்பானா?

முதல் பிரதியில் நான் அறுத்தேன். முப்பது மில்லிமீட்டர் துண்டு கீழே விழுந்து உருண்டது. புருஷன் வந்து, ஏறி, முதுகை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கும்மா" என்றார். மறுநாள் பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் புதியதும் தொங்கியது. எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் கண் அவ்வளவு சுலபமாகக் கலங்கினால் சரக்கில் ஏதோ கலப்படம்.

இரண்டாம் பிரதியில் அவள் கை நடுங்கியது, பிளேடு ஒடிந்தது, அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு அவள் (வேண்டாம்.)

இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"ரெண்டுமே தப்பு. ரெண்டுலயும் நான் தனியா இருக்கேன். கடைக்கு ஆள் வராதா என்ன?"

5

வந்தது புருஷன். மத்தியானத்தில் அவர் கடைப்பக்கம் வந்ததே கிடையாது.

"டூல் பாக்ஸ்ல ஆக்சாவைக் காணோம்," என்றார் வாசலில் நின்றபடியே. "வீட்ல இருக்கறது ரெண்டு பேர். நான் எடுக்கல."

"ஃபிரேம் அறுக்கறேன்," என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.

"கண்ணாடி ஃபிரேமா? யாருக்கு, யானைக்கா?"

அவர் உள்ளே வந்தார். சைக்கிளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. படிக்கிற கண்ணாடி தொலைந்துபோய், மூன்று வாரம் முன்பே அந்தக் கூட்டல் இரண்டு இழுப்பறையைத் திறந்திருக்கிறார் மனுஷன். தெரியாதமாதிரி இருப்பதில் அவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. ஆக்சா காணாமல் போனதும்தான், எதையோ அறுக்கப் போகிறாள் என்று புரிந்து கிளம்பி வந்திருக்கிறார்.

நீல டேப்பைத் தொட்டுப் பார்த்தார். "இந்த உயரம் எதுல எடுத்தே?"

"உங்க பழைய சைக்கிள்ல."

"டாக்டரம்மா." (அவள் டாக்டர் இல்லை. வம்புக்கு இழுக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.) "பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து, இதே பவர்ல புதுசு குடுங்கன்னு கேக்கறவங்கள என்ன சொல்லுவே?"

அவள் முகமூடியைக் கழற்றினாள். பதினெட்டு வருஷமாக இதற்காகவே வேலைக்காரர்களைத் திட்டியிருக்கிறாள். கண் மாறியிருக்கும், முதலில் கண்ணைப் பார் என்று. இங்கே ஆபரேஷனுக்கு முந்தைய முதுகுக்கு அளவெடுத்து ஃபிரேமையே வேகவைத்து வாங்கியிருக்கிறாள்.

"ஃபிரேமும் அந்த அளவுதாங்க," என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "வெந்துடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

"தண்டு இன்னும் நீளமாத்தானே இருக்கு? டெஸ்ட் பண்ணு."

தண்டோடு ஐந்து மில்லிமீட்டர் வளையங்கள் ஆறு வந்திருந்தன. ஹேண்டில்பாரை டேப் இருந்த உயரத்தில் மாட்டி, எல்லாவற்றையும் அதற்கு மேலே கோத்தாள். ஒவ்வொன்றாகக் கீழே மாற்றினால் ஹேண்டில்பார் ஐந்து ஐந்தாக ஏறும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு வளையத்தை மாற்றிவிட்டு, நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"முன்னாடி நல்லா இருந்துச்சா, இப்பவா?"

"இப்ப."

இரண்டு. மூன்று. ஒவ்வொரு தடவையும் "இப்ப" என்றே சொன்னார். அவளுக்குப் பயம் வந்தது. தன் மனது நோகக் கூடாதென்று சொல்கிறாரோ? கடைக்கு வருபவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. அவர்களுக்கென்று ஒரு வித்தை வைத்திருக்கிறாள். நான்காவது வளையத்தைக் கழற்றி, சத்தம் வர உருட்டி, பழைய இடத்திலேயே திரும்பப் போட்டாள்.

"முன்னாடியா, இப்பவா?"

அவர் கையை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான். என்ன மாத்தினே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த மெஷினையே இன்னொரு தடவை துடைத்தாள்.

நான்காவதை நிஜமாகவே ஹேண்டில்பாருக்குக் கீழே மாற்றினாள். ஐந்தாவது போட்டபோது அவர் தோள் இறங்கியது. முழங்கை தளர்ந்து மடங்கியது. நகராத சைக்கிளில், சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

"ஆறாவதும் போடட்டா?"

"வேணாம். அப்புறம் அது ஆபீஸ் நாற்காலி."

6

ஒரு வளையம் இன்னும் ஹேண்டில்பாருக்கு மேலேயே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களாம், தலையில் கொம்பு மாதிரி இருக்கிறதென்று. அந்த மிச்சத் தண்டை அறுக்கவில்லை. முதுகு அடுத்த வருஷம் என்ன கேட்குமோ.

பெரியவருக்குப் போன் போட்டுப் பொய்யை ஒப்புக்கொண்டாளாம். "அதான் நீளமா விட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். (அவர் எப்போது கண்டுபிடித்தார் என்று கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை.)

எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. "முதல் நாள் எவ்வளவு தூரம் போனார்?" என்று கேட்டேன்.

"அதை எழுத வேணாம்."

"படிக்கிறவங்க கேப்பாங்கம்மா."

"அவங்களுக்கு எவ்வளவு வேணுமாம்?"

"ஆத்துப் பாலம் வரைக்கும்."

"கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க."

"தெருமுனை?"

"அதுக்கு மேலதான்," என்று சொல்லிவிட்டு, மூக்குப்பட்டையை மாட்டி என் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

தெருமுனைக்கும் பாலத்துக்கும் நடுவில் அவரை எங்கே நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் பாடு. உங்கள் கணக்கில் அந்த மேல் வளையம், ஐந்து மில்லிமீட்டர், மிச்சம் இருக்கிறது. என்னை அறுக்கச் சொல்லாதீர்கள். ஆக்சாவை அவர் டூல் பாக்ஸில் திரும்ப வைத்துப் பூட்டியாயிற்று.