பதினோரு அடுப்பும் குரங்கணிப் புகையும்

குரங்கணி மலைக்கிராமத்தில் புகையில்லா அடுப்பின் தொடக்க விழா நடந்த அன்று, மாயக்காள் வீட்டுக்குள் இருந்த பதினெட்டுப் பேரும் ஒரே வாசல் வழியாக ஒரே நேரத்தில் வெளியே வர முயன்றார்கள். முதலில் வந்து விழுந்தவர் மலைவளக் காப்புக் கழகத் தலைவர் பிச்சைமணி. "இன்று முதல் இந்த வீட்டில் புகைக்கு இடமில்லை" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுப்பு பதில் சொல்லிவிட்டது.

காரணம் செயலாளர் வெள்ளைத்துரைதான். முந்தின நாள் அடுப்பைக் கட்டி முடித்ததும், ஆவணித் தூறல் குழாய் வழியே இறங்கிப் பச்சை மண்ணைக் கரைத்துவிடக் கூடாதே என்று, கூரைக்கு மேலே நீட்டியிருந்த சிமெண்டுக் குழாயின் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்து வைத்தார். திணித்தது புத்திசாலித்தனம். எடுக்க மறந்தது வெள்ளைத்துரைத்தனம்.

"என்னய்யா அடைச்சு வச்ச?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார் பிச்சைமணி. ஓய்வுபெற்ற தபால்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை மூன்றும் அன்றைக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"அடுப்பு ஒங்களப் பாத்ததும் உணர்ச்சிவசப்பட்டிருச்சு, தலைவரே."

"நீ ரேடியோ ரிப்பேரு பாக்குறதோட நின்னுக்கப்பா. அதுல சத்தந்தான் வரும்."

வெள்ளைத்துரை கூரையேறிச் சாக்கை உருவினார். குழாயிலிருந்து ஒரு நீளப் புகை கிளம்பி மலைப்பக்கம் சாய்ந்தது. உள்ளே அரைக்கட்டு விறகில் சோறும் குழம்பும் ஒன்றாக வெந்தன. பெண்கள் கூட்டமாக எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே பத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

போடி மலைவளக் காப்புக் கழகத்துக்கு அது புது அனுபவம். அதற்கு முன் அவர்கள் செய்த எதையும் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. ராசிங்காபுரம் சாலையோரம் நட்ட இருநூறு வேப்பங்கன்றுகளை ஆடுகள் வரிசை தப்பாமல் தின்று முடித்தன. 'மரம் வெட்டாதே' என்று சந்தைப்பேட்டையில் நட்ட விளம்பரப் பலகையை எவரோ பெயர்த்துக்கொண்டு போய்க் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினார். கதவில் வாசகம் தலைகீழாக இருந்தாலும் கோழிகள் அதன்பிறகு எந்த மரத்தையும் வெட்டவில்லை என்று வெள்ளைத்துரை ஆண்டறிக்கையில் எழுதப் போக, பிச்சைமணி அந்த வரியை அடித்துவிட்டார்.

அடுப்பு யோசனை வெள்ளைத்துரையுடையது. குரங்கணிக்கு மேலே ஓடையை ஒட்டியிருந்த சோலை வருசத்துக்கு வருசம் மேலே மேலே ஒதுங்கிக்கொண்டிருந்தது. விறகுக்குப் போகும் பெண்களிடம் போய் 'வெட்டாதே' என்று சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? பாதி விறகில் எரிகிற அடுப்பைக் கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று மதுரையில் மூன்று நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். குழாய்களை ஜீப்பில் ஏற்றி, ஜீப்பு நின்ற இடத்திலிருந்து தலையில் சுமந்து, பதினோரு வீட்டிலும் தன் கையால் மண் பிசைந்து கட்டினார். ரேடியோ கடை ஒரு மாதம் பாதி நேரம் பூட்டிக் கிடந்தது.

ஐப்பசி பிறந்ததும் பிச்சைமணி கடைக்கு வந்தார். உள்ளே நாற்பது குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. மலைமேல் இன்னும் நாற்பது வீட்டுக்குப் போட வேண்டும் என்று வாங்கி வைத்தவை. பழுதுபார்க்க வந்த ரேடியோக்கள் இடமில்லாமல் குழாய்க்குள் குடியிருந்தன.

"குரங்கணி போயி வந்த ஆளுக ஒரு மாதிரியா பேசுறாங்க வெள்ளை. குழாயில புகையே வரலையாம். கூரையில இருந்துதான் வருதாம். என்னான்னு பாத்துட்டு வா. அந்தப் பொம்பளைக வேணாம்னா வேணாம்னு தெரியணும். ஞாயித்துக்கிழம கூட்டத்துல முடிவு பண்ணுவோம். இதுவும் ஆகலன்னா கழகத்தக் கலைச்சிட்டு அவனவன் சோலியப் பாப்போம்."

"கலைச்சா ரப்பர் ஸ்டாம்ப யாரு வச்சுக்கிறது?"

பிச்சைமணி சிரிக்கவில்லை. வெள்ளைத்துரை உடனே ஜீப்புக்குச் சொல்லி வைத்தார்.

மறுநாள் குரங்கணியில் இறங்கியபோது மழை நசநசவென்று பிடித்திருந்தது. மேட்டில் நின்று பார்த்தார். பதினோரு புல்லுக்கூரைகள். பதினோரு குழாய்கள். பதினோரு குழாய்களின் வாயிலும் சாக்கு திணித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. புகை கூரைப் புல்லின் சந்து சந்தாகக் கசிந்துகொண்டிருந்தது.

மாயக்காள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, குழாய்க்குக் காதடைப்பா? குளிருக்குப் பஞ்சு வச்சீகளோ?"

"நீதான அப்பு மொத மொதல்ல சாக்கு வச்ச. அதுதான் மொறையாக்கும்னு நாங்களும் வச்சோம்."

பக்கத்துத் தாழ்வாரத்தில் நின்ற ஆயம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளைத்துரையும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது உறைத்தது.

ஆயம்மாளிடம் போனார். "அடுப்பு எப்படி, மாமியா கணக்கா, மருமக கணக்கா?"

"தங்கமான அடுப்புண்ணே. ஒரு வார்த்த எதுத்துப் பேசுறதில்ல."

"அப்ப குழாய்?"

"அதுவும் பேசுறதில்ல."

மூன்றாவது வீட்டில் மழைத்தண்ணி இறங்குதுன்னு அடைச்சோம் என்றார்கள். நான்காவது வீட்டில் அணில் இறங்குது என்றார்கள். ஐந்தாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே காப்பி கொடுத்துவிட்டார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பை மெழுகிக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் 'நல்லாத்தான் இருக்குண்ணே' என்றார்கள். அந்த 'தான்' செருப்புக்குள் புகுந்த கல்போல உறுத்தியது.

பத்து வீடு முடிந்தபோது அவர் வயிற்றில் ஆறு காப்பியும் கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் இருந்தன. நம்பும்படியான பதில் ஒன்றுகூட இல்லை. தப்பு எங்கே என்று அவருக்கே கொஞ்சம் புரிந்தது. இந்த ஊரில் மண் பிசைந்து கொடுத்தவன் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டதெல்லாம் கேள்வியே அல்ல, வேடிக்கை. வேடிக்கைக்கு அவர்கள் வேடிக்கை கொடுத்தார்கள், மிச்சம் வைக்காமல். 'வேணாம்' என்ற சொல் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இத்தனை வேடிக்கையும் என்பது ரேடியோவுக்கு வெளியே அவர் கண்டுபிடித்த ஒரே பழுது.

கடைசி வீடு குருவம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். ஊரில் விறகுக்கு முதலில் கிளம்புகிறவள் அவள்தான். மற்றவர்கள் அவள் போகிற தடத்தில்தான் போவார்கள். உள்ளே விறகு எரிந்தது, குழாய் அடைத்த அடுப்பில்தான். பானைக்கும் அடுப்புக்கும் நடுவிலிருந்த சந்தில் புகை வழிந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் வெள்ளைத்துரை குழம்பிப்போனார். அடுப்பைத் தூக்கிப் போடவில்லை. பழைய மூணு கல் அடுப்புக்கும் திரும்பவில்லை. கண்ணெரிய எரிய இதே அடுப்பில்தான் பொங்குகிறார்கள்.

"உக்காருங்கண்ணே. கட்டங்காப்பி குடிக்கிறீகளா?"

"இன்னொரு காப்பி குடிச்சா எனக்கு ஒரு குழாய் மாட்டணும் தாயி."

குருவம்மாள் சிரிக்கவில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டு, திரும்பி அவரைப் பார்த்தாள்.

"காலையில இருந்து வீடு வீடா ஏறி இறங்குறீக. ஆயம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என்ன கேக்க வந்தீக?"

வெள்ளைத்துரையின் வாயில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல பதில்கள். மூன்றுக்கும் கைதட்டு கிடைத்திருக்கும். அவர் ஈரத் துண்டைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார். துண்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்கு குருவம்மா. நாப்பது குழாய் கடையில கெடக்கு. இந்த அடுப்பும் ஆகாதுன்னா கழகம் இல்ல. கழகம் போனாப் போகுது. ஓடைக்கு மேல இருக்குற சோலைக்கு அதுக்கப்புறம் யாரும் இல்ல. நான் கட்டுனதுங்கறதுக்காக நல்லாருக்குன்னு சொல்ல வேணாம். என்ன தப்பு பண்ணிட்டேன்?"

சொல்லி முடித்ததும் தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. கூட ஒரு நக்கலும் வராமல் தனியாக வந்த குரல்.

குருவம்மாள் எழுந்து, ஒரு விறகுக்கட்டையால் மேலே காட்டினாள். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் கட்டுக்கட்டாக மொச்சை விதை, மக்காச்சோளக் கதிர், நனைந்து காயும் துணி. அதற்கும் மேலே கரிபிடித்துப் பளபளத்த கூரைப் புல். ஒரு மூலையில் மட்டும் புல் வெளுத்து, மாவு மாவாக உதிர்ந்திருந்தது.

"புரட்டாசி பூரா ஒங்க குழாயத் தொறந்து வச்சிருந்தோம். கண்ணு எரியல, இருமல் இல்ல. வாரத்துக்கு நாலு தடவ விறகுக்குப் போனவ ரெண்டு தடவதான் போறேன். பொய் சொல்லல. ஆனா மழை வந்துச்சு. பரண்ல புகை ஏறல. எங்க ஆத்தா காலத்துல இருந்து விதைக்கிற மொச்சையில பாதி வண்டு அரிச்சுப் போச்சு. மாயக்கா வீட்டுல கூரையவே கரையான் தொட்டிருச்சு. அதான் புகை உள்ளேயே ஏறட்டும்னு சாக்க வச்சு அடைச்சோம். நீங்க தலையில சொமந்து கொண்டாந்த குழாயாச்சே, எப்படிச் சொல்றதுன்னு ஆளுக்காளு பாத்துக்கிட்டு இருந்தோம்."

வெள்ளைத்துரை பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைப் பயிற்சியில் புகையால் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வருகிற கெடுதலைப் படம் போட்டுக் காட்டினார்கள். மொச்சையின் தரப்பை அங்கே யாரும் கேட்கவில்லை. பதினோரு அடுப்பையும் மண்டியிட்டுக் குனிந்தே கட்டியவர், ஒரு வீட்டிலும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அப்ப அடுப்பு வேணுமா, வேணாமா?" என்றார் மெதுவாக.

"அடுப்பு வேணும். குழாய் கூரையத் தாண்ட வேணாம். பரணுக்குக் கீழ அறுத்து விட்டுருங்க. புகை எங்க கண்ணுக்கு வராம விதைக்குப் போகட்டும். மழை ஓஞ்சதும் மேல்துண்ட நாங்களே மாட்டிக்கிறோம். மேல நாப்பது வீட்டுக்கும் அப்பிடிக் கட்டுறதுன்னா கட்டுங்க, நானும் மண் பிசைய வர்றேன்."