கடைசிப் பெயர்

மரி-க்ளேர் டீச்சருக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரான்சில் பௌதிகம் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1957-இல் புதுச்சேரியில் பி.யு.சி. வகுப்பு எடுக்க வந்து எங்கள் நாற்பத்திரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டார். அவருக்கு நாங்கள்தான் முதல் வகுப்பு. எங்களுக்கோ, கவுன் போட்டுக்கொண்டு சைக்கிளில் வரும் முதல் டீச்சர்.

வந்த அன்றைக்கே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார். மாதம் ஒரு பரீட்சை, வியாழக்கிழமைதோறும் செய்முறை. விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாதவனுக்கு அரை மார்க் போச்சு. இதிலெல்லாம் தேறாதவனைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்.

எங்கள் வீட்டில் வேறொரு சட்டம் இருந்தது. அப்பா முருகையனுக்குப் பஞ்சு மில்லில் வேலை. அங்கே எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். முதல் பரீட்சையில் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்தால் மில்லுக்குப் போய்விட வேண்டும். நானும் தலையாட்டியிருந்தேன்.

பரீட்சை முடிந்த மறு புதன்கிழமை, டீச்சர் திருத்திய தாள்களோடு வந்தார். மார்க்கைச் சொல்லவில்லை, பெயரை மட்டும் கூப்பிட்டு, தாளைக் குப்புறக் கொடுத்தார். முதல் பெயர் ராஜாங்கம். வகுப்பே கை தட்டியது. அவன் மாப்பிள்ளை மாதிரி நடந்துபோய் வாங்கி வந்தான். தாளைப் புரட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. மானஸ்தன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "எவ்ளோடா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாவதாக வந்த கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பேர், இருபது பேர் ஆயிற்று. என் பெயர் வரவில்லை. நான் முன்பு படித்த மூலக்குளம் பள்ளிக்கூடத்தில் ராமலிங்கம் வாத்தியார் பெயர்களை முதல் ரேங்க்கிலிருந்துதான் படிப்பார். கடைசியில் வருகிறவன் மக்கு. முப்பதைத் தாண்டியபோது எனக்கு வியர்த்தது. முப்பத்தொன்பதாவது பெயரும் என்னுடையது இல்லை. எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்றேன். வெளியே வந்தவன் வீட்டில் போய்த்தான் நின்றேன்.

"படிப்பு ஏறலப்பா" என்றேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, திங்கக்கெழம என்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மாதா கோயில் பூசை முடிந்த கையோடு டீச்சர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அரிகிருஷ்ணன், தண்ணி குடிக்கப் போறேன்னு போனே. நாலு நாளாச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை. பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினார். மேலே சிவப்பு மையில் பதின்மூன்றரை. பாஸ் ஆவதற்கே முப்பத்தைந்து வேண்டுமே!

"எவ்ளோடா?" என்றாள் அம்மா.

"பதிமூணரைம்மா."

அம்மாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. உரிப்பதை நிறுத்தாமலே டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தினிக்கும்மா?"

"இருபதுக்கு" என்றார் டீச்சர். "வகுப்புலயே அதான் ஒசத்தி. பிரான்சுல எல்லாமே இருபதுக்குத்தான். அங்க எங்க வாத்தியாருங்க எனக்கே பன்னெண்டுக்கு மேல போட்டதில்ல."

நான் ராமலிங்கம் வாத்தியாரைப் பற்றி உளறிக்கொட்டினேன். டீச்சர் திகைத்துப் போனார். "நான் படிச்ச எடத்துல கீழேர்ந்துதான் கூப்பிடுவாங்க. ஒசத்தியான பேரு கடைசியா வரும். ஐயோ, ராஜாங்கத்துக்குக் கை தட்டுனாங்களே, அதுக்கா!"

வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்குக் காலையிலேர்ந்து அந்த ஒரு பேரக் கூப்பிடத்தான் காத்துட்டு இருந்தேன். மூணு வாட்டி கூப்பிட்டேன். ஒன் எடம் காலியா கெடந்துது."

நான் மட்டும்தான் அந்த நாலு நாளும் வருத்தப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா வெளியே வந்தார். "மில்லுல நான் சொல்லிக்கிறேன். நீ காலேசுக்குப் போ" என்றார்.

டீச்சர் சட்டென்று என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இத இங்க குடுக்கக் கூடாது" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிவிட்டார். அம்மா அள்ளிக் கொடுத்த மல்லாட்டையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வருகைப் பதிவு முடிந்ததும் டீச்சர் பையைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது. எழுந்து நின்று, நாற்பத்தோரு பேரை வரிசையாகக் கூப்பிட்டு முடித்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, என் பெயரைச் சொன்னார்.