கவிழ்த்து நீட்டிய கை

எங்கள் ஊரில் பாதிரியாரிடம் யாரும் கை குலுக்குவதில்லை. அவர் புறங்கை மேலே தெரிய நீட்டுவார், நாம் குனிந்து முத்தம் வைப்போம். நடக்கப் பழகும்போதே பழகிய பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தவள் நான். பழி பழக்கத்தின் மேல் இல்லை, என் மேல்தான்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊருக்கு நான் ஒருத்திதான் டாக்டர். வீட்டுக்கு வீடு மாடு, கையால்தான் பால் கறப்பார்கள், அதனால் என்னிடம் வருவதில் பாதி கை வியாதிதான். காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, இழுத்துவிட்டால் டக்கென்று விரிந்தால் அது கொக்கி விரல். கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் குறையும், இல்லையென்றால் உள்ளங்கைப் பக்கம் ஓர் ஊசி. தூக்கத்தில் கை மரத்து எழுந்து உதறுகிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிகிறது, பட்டை போட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்குக் கட்டைவிரல் அடியில் வலித்தால் பிள்ளையைத் தூக்கும் விதத்தை மாற்றச் சொல்வேன். இன்னொன்று உண்டு. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் கயிறு மாதிரி தடித்து விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும். பெரும்பாலும் வலிக்காது, ஆனால் யார் இழுத்தாலும் விரல் நிமிராது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் போதும், முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கொழுப்பு. கோயிலில் பாட்டுப் பாடுகிற காவ்ரில் கிண்டலடிப்பான், "நம்ம டாக்டர் லுமினிட்சாகிட்ட கையக் காட்டாதீங்கடா, கல்யாணத் தேதியே சொல்லிடும்" என்று. கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் ஃபாதர் செவஸ்தியான் வந்தார். ஊர் முழுக்கக் காய்ச்சல், வெளியே இருபது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். வலது கை மோதிர விரல் நிமிரவில்லை என்று கையை நீட்டினார். வழக்கம்போலக் கவிழ்த்துத்தான் நீட்டினார். நான் வழக்கம்போல முத்தம் வைத்து, விரலை ஒரு தரம் அமுக்கி, காலையில் மாட்டுகிறதா என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற மனிதர் அவர். ஊசி என்றால் பயம் வேறு. கொக்கி விரல் என்று சொல்லிக் கட்டும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். பிறகும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் கட்டை மாற்றினேனே தவிர, கையைத் திருப்பவில்லை.

விரல் மேலும் மடங்கியது. ஆசீர்வாதம் கொடுக்கும்போது கட்டைவிரலோடு சேர்வது அந்த மோதிர விரல்தானே. ஃபாதரின் கை ஆசீர்வாதத்திலேயே நின்றுவிட்டது, இது பெரிய வரம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்த வருட ஈஸ்டர் அன்று அவர் இடது கையில் திருக்கிண்ணத்தோடு, வலது கையை உயர்த்திச் சனங்கள் பக்கம் திரும்பினார், சட்டைக் கை நழுவியது. உள்ளங்கையில் புடைத்து நின்ற கயிற்றை நான் பார்த்தேன். அது கொக்கி விரலே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே! ஊர் நம்பிக்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

நவம்பரில் எங்கள் ஊர் ரோதிகாவின் மகனுக்கு ஞானஸ்நானம். எண்ணெய் பூசிய குழந்தையை மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். மூன்றாவது முக்கலில் பிள்ளை அவர் கையிலிருந்து வழுக்கியது. காவ்ரில் பாய்ந்து பிடித்தான். குழந்தை இருமி வீறிட்டு அழுததோடு சரி, ஒன்றும் ஆகவில்லை. ஃபாதர் மட்டும் ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

எங்கள் சபையில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். அடுத்த நாள் ஃபாதரின் மனைவி அக்லாயா என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். தன்னை வேலையிலிருந்து விடுவிக்கும்படி அவர் ஆயருக்குக் கடிதம் எழுதிவிட்டாராம், சனிக்கிழமை அனுப்பப் போகிறாராம். இது வரமில்லை, தண்டனை என்று சொல்கிறாராம். எந்தப் பாவத்துக்கு என்று உட்கார்ந்து தேடிக்கொண்டே இருக்கிறாராம்.

சனிக்கிழமை காலை முதல் ஆளாக, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அவரிடம் போனேன். நான் மண்டியிட்டதும் தன் தோளில் தொங்கிய பூசைத் துணியை என் தலைமேல் போட்டு, அதன்மேல் கையை வைத்தார். மடங்கிய விரல் என் உச்சந்தலையில் குத்தியது.

"ஃபாதர், உங்க கைக்கு வந்தது தண்டனை இல்ல, வியாதி. அதுக்கு ஆபரேஷன் இருக்கு. கையத் திருப்பிப் பாத்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. ஈஸ்டர்லேர்ந்து எனக்குத் தெரியும். அப்பவும் சொல்லல."

விரல் நிமிருமா என்று கேட்டார்.

"பாதி நிமிரும். மூட்டு இறுகிப்போச்சு. அப்பவே வந்திருந்தா முழுசா நிமிர்ந்திருக்கும்." நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வார்த்தை, வந்துவிட்டது.

"அப்பவே வந்தேனேம்மா," என்றார்.

அவர் மன்னிப்பு மந்திரத்தை ஒரு சொல் விடாமல் படித்து முடித்தார். பிறகு துணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "கடவுள் மன்னிச்சுட்டாரு. நான் இன்னும் மன்னிக்கல. எங்க அம்மா சாகும்போது போய்ப் பாக்கல, அதுக்குத்தான் இதுன்னு நெனச்சு இத்தனை நாள் அழுதிருக்கேன்."

ஆயருக்கான கடிதத்தை அவர் அனுப்பவில்லை. திங்கட்கிழமை அவரை என் காரில், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற யாஷ் நகரத்துக்கு அழைத்துப் போனேன். அறுவை சிகிச்சை டாக்டர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே, பாதிதான் நிமிரும் என்றான். பிறகு, இவ்வளவு முற்றும் வரை எந்த டாக்டருக்கும் தெரியவில்லையா என்று அவரிடம் கேட்டான்.

ஃபாதர் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அது தெரிந்துதான் நான் அங்கே போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய், அக்லாயா எதிரே, மேசையில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். என் தப்பை அவர் வாயிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பையன் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் தெரியாத கிழவர் என்றுகூட நினைத்திருப்பான்.

"நான்தான் பாத்தேன்," என்றேன். "மூணு தடவை என்கிட்ட வந்தாரு. நான்தான் தப்பாச் சொல்லி அனுப்பினேன். தெரிஞ்ச பிறகும் மறைச்சேன். எழுதிக்கோ தம்பி, என் பேரையும் எழுதிக்கோ."

அவன் தயங்கித் தயங்கி எழுதினான். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான், நான் திருத்திக் கொடுத்தேன். ஃபாதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தார்.