இரண்டு அங்குலம் விட்டுத் தைத்த சைக்கிள்

பெயர் போட்ட கம்பெனியின் கார்பன் சைக்கிள் ஃபிரேம் வாங்கினால் கூடவே ஓர் உத்தரவாத அட்டை வரும். பெயர் இல்லாத சீன ஃபிரேம் வாங்கினால் அதைச் செய்தவரே வருவார். வண்டியைக் கட்டி முடித்து, ஒரு தடவை தெருமுனை வரை ஓட்டித் திரும்பினால் அவர் தன் ஊருக்குப் போய்விடலாம். அதுவரை நம் வீட்டில்தான் இருக்க வேண்டும். சாப்பாடு நம் பொறுப்பு.

நான் தூத்துக்குடியில் ஜாக்கெட் தைக்கிறவள். பெயர் செலின். வீட்டு முன்னறைதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வழி தெரிந்தவர்கள் வரட்டும், தெரியாதவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இருபது வருஷமாகத் தையல் மெஷினை மிதிக்கிறேன். மிதித்த மிதிக்கு இந்நேரம் வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போயிருக்கலாம். ஆனால் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அந்த எரிச்சலில்தான் சைக்கிள் வாங்க முடிவு செய்தேன். வாங்குவதென்றால் நல்ல வேகமான சைக்கிளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆசைக்கு என்ன குறைச்சல்.

என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் நம்புவார். பெட்டி வந்ததும் ஃபிரேமை ஒரு கையால் தூக்கினார். பிறகு ஒரு விரலால் தூக்கினார்.

"ஏட்டி, ஒரு கிலோ தேறுமா இது? இதுலயா உக்காரப் போற?"

"நான் உக்காரதுக்கு சீட்டு தனியா வரும். நீங்க முதல்ல அந்த அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுங்க" என்றேன்.

ஃபிரேமுக்கு அடியில் சுற்றியிருந்த பஞ்சுத்தாளை விலக்கிக்கொண்டு, அதைச் செய்த சென் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைமுட்டி வரை மடித்த நீலச் சட்டை, விரல் நுனிகளில் கறுப்பு. கப்பல் கொழும்பில் சரக்கு மாற்றுவதற்காக நெடுநாள் நின்றதால் அங்கேயே தமிழ் படித்துவிட்டார். அதனால் அவர் பேசுவது அக்கரைத் தமிழாக இருந்தது.

"வணக்கம் தங்கச்சி. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள். வருகிற பௌர்ணமிக்குக் கல்யாணம். பெண் வாசலைத் தாண்டும்போது தலைக்கு மேலே சிவப்புக் குடை பிடிக்க வேண்டும், அது அவர்கள் குடும்பத்தில் அப்பாவின் வேலை.

"நான் போகாட்டி அவள் வெறுந்தலையோட போவாள். என்ர பிள்ளை அப்பிடிப் போகக் கூடாது. கெதியா முடிச்சுத் தருவியளே?"

"ஒரே வாரம், அண்ணாச்சி" என்றேன்.

தையல்காரி சொல்லும் ஒரு வாரம் எப்படிப்பட்டது என்று இந்த ஊருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பெர்க்மான்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

சக்கரம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கியரும் பிரேக்கும் சென்னையிலிருந்து வந்தன. சீட் வரத் தாமதமானது. செய்தவர் வண்டியில் கை வைக்கக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. கேட்டால் சிரிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே நான் வேலை செய்யும்போது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா இருக்க முடியாத மனிதர் என்பதால் என் தையல் வேலைகளில் கை கொடுத்தார். கொக்கி கட்டினார், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தார். காஜா என்றால் அப்படியொரு காஜா, மோட்சம் அக்காவே வாயைப் பிளந்தாள். மோட்சம் அக்கா பக்கத்து வீடு. என் கையில் ஜாக்கெட் தைத்து என்னையே குறை சொல்வதற்கென்று பிறந்தவள்.

ஃபிரேமை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. இது துணி. கறுப்புத் துணியைப் பல அடுக்காக வைத்து, பசை போட்டு வேகவைத்திருக்கிறார். அதிலும் முறுக்கி இழுக்கும் இடத்தில் துணியை நேராகப் போடாமல் குறுக்காகப் போட்டிருந்தார். கிராஸ் கட் ஜாக்கெட்டில் நான் செய்வதும் அதேதான்.

"அண்ணாச்சி, இது கிராஸ் கட்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் இதுவரை பார்த்த சிரிப்பிலேயே அதுதான் பெரியது. இருபது வருஷத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "எப்ப முடியும்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் எப்படிச் செய்கிறேன் என்று பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

பிரேக் கேபிளையும் கியர் கேபிளையும் குழாய்க்குள் விட்டு மறுபக்கம் எடுப்பதுதான் இந்த வண்டியில் கஷ்டமான வேலை என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு அது உள்பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரிதான் இருந்தது. நூலின் நுனியில் ஊக்கைக் கட்டி உள்ளே விட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் தடவிக்கொண்டே போனேன், வந்துவிட்டது. அன்றைக்கு அண்ணாச்சிக்கு சீலா மீன் குழம்பு வைத்தேன்.

கடைசியாக வந்தது கழுத்துக் குழாய். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கு மேலே ஒரு குழாய் ஃபிரேமின் கழுத்து வழியாக ஏறி நீளமாக நிற்கும். அதை நம் உயரத்துக்கு அளந்து வெட்டி, அதில் ஹேண்டில்பாரை மாட்டி, மூடி போட வேண்டும். நான் என் உயரத்துக்கு அளந்தேன். மார்க்கிங் சாக்கால் கோடு போட்டேன். பிறகு வழக்கம்போல அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு கோடு போட்டு, அங்கே வெட்டினேன். ஹேண்டில்பாருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த துண்டில் வளையங்களை அடுக்கி மூடி போட்டுவிட்டேன். நாளைக்கு முதுகு வலித்து ஹேண்டில்பாரை ஏற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது? உடம்பு இன்றைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டி தயாரானது. அண்ணாச்சி முகம் கழுவி, தலை சீவி, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பெர்க்மான்ஸ் அவருக்கு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் கொடுத்தார். "பொண்ணுக்கு" என்றார். நான் தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

அண்ணாச்சி ஸ்டூலிலேயே இருந்தார்.

"இன்னொரு தடவ போயிட்டு வா" என்றார் பெர்க்மான்ஸ். போய்விட்டு வந்தேன். அப்போதும் இருந்தார். மடியில் மக்ரூன் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"ஏட்டி, ஏதோ பாக்கி கிடக்கு."

"ஒரு பாக்கியும் இல்ல."

"நீ எப்பவும் அப்படித்தான சொல்லுவ? காஜா மட்டும்தான் பாக்கின்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருந்தாலும் திருகாணி எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினேன். செயினுக்கு எண்ணெய் போட்டேன். பெர்க்மான்ஸ் பெல் வாங்கி வந்து மாட்டினார். மாதா படம் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை தெருமுனைக்குப் போய் வந்தேன். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார். சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி பாக்கி?" என்று கேட்டால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு பிள்ளை வெறுந்தலையோடு வாசல் தாண்டப் போகிறது, அதற்குக் காரணம் நான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் மோட்சம் அக்கா ஒரு ஜாக்கெட்டோடு வந்தாள்.

"ஏளா செலினு, கையில பிடிக்கி. உள்ள துணி விட்டிருக்கியா?"

"ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன்க்கா. இன்னும் பத்து கிறிஸ்மஸ் கேக்கு தாங்கும்."

"விட்டிருக்கேன்னு சொல்லுத. அப்ப இது இன்னும் தச்சே முடியல."

காஜா எடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை நின்றது. அவர் எதையும் சொல்லக் கூடாது. தலையை இன்னும் குனிந்துகொண்டார். சைக்கிளைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் நான் சைக்கிளைப் பார்த்தேன். ஹேண்டில்பாருக்கு மேலே இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது.

மோட்சம் அக்காவை அனுப்பிவிட்டு ரம்பத்தை எடுத்தேன். குழாயில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துவிட்டேன். நான் இதுவரை ஒரு துணியையும் விடாமல் வெட்டியதில்லை. என் கல்யாணச் சேலை ஜாக்கெட்டிலும் விட்டிருக்கிறேன். வெட்டிவிட்டால் இது இன்றைய என் உடம்புக்குத்தான், நாளைக்கு ஆகாது. அது மட்டும் காரணம் இல்லை. வெட்டினால் அண்ணாச்சி போய்விடுவார். மறுபடியும் நானும் மெஷினும் "எப்ப முடியும்?" என்று கேட்கிறவர்களும்தான். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டே சொன்னேன்.

"எனக்கும் கவலைதான், தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. வண்டியைப் பற்றி இல்லாததால் அதை அவர் சொல்லலாம்.

பெர்க்மான்ஸ் குழாயைப் பிடித்துக்கொண்டார். "வெட்டுட்டி. உன் உடம்புக்குத்தான தைக்க? நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம். அந்தப் பிள்ள வாசல்ல நிக்கும்."

மூடியையும் வளையங்களையும் கழற்றினேன். முதல் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. இன்னொரு தடவை அளந்தேன். ஈரத்துணியைச் சுற்றி, கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து அறுத்தேன். கறுப்புத் தூள் கொட்டியது. இரண்டு அங்குலத் துண்டு தரையில் விழுந்து மெஷினுக்கு அடியில் உருண்டு போனது. மூடியைப் போட்டு முறுக்கினேன்.

அண்ணாச்சி சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். பாதி எடுத்த காஜாவை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மக்ரூன் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஏறி மிதித்தேன். வண்டி என் உடம்பில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நன்றாகத் தைத்த ஜாக்கெட் அப்படித்தான் இருக்கும், போட்டிருப்பதே தெரியாது. தெருமுனையில் கடல்காற்று முகத்தில் அடித்தது. திரும்பாமல் நேராகப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. திரும்பாவிட்டால் அவர் போக முடியாது. திரும்பினேன்.

ஸ்டூல் காலியாக இருந்தது. டம்ளரில் டீ பாதி இருந்தது, சூடு ஆறவில்லை. நான் வாசல் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பெர்க்மான்ஸ் டீ டம்ளரைக் கழுவி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஃபோனில் ஒரு படம் வந்தது. சிவப்பு உடுப்பில் ஒரு பெண், தலைக்கு மேலே சிவப்புக் குடை, குடையைப் பிடித்தபடி அண்ணாச்சி. பெண்ணின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாயில் மக்ரூன்.

அதன் பிறகு தினமும் காலையில் திருச்செந்தூர் ரோட்டில் போகிறேன். உப்பளம் தாண்டி, பழையகாயல் வரை போய்விட்டு வந்து மெஷினில் உட்காருகிறேன். தைக்கச் சொன்னது இப்போதும் ஒரு வாரத்தில் முடிவதில்லை.

மார்கழி மழை விட்ட அன்றைக்கு சீனாவிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே ஒரு சிவப்புப் பட்டுத் துணி, அளவு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அண்ணாச்சியின் மனைவிக்கு ஒரு ஜாக்கெட் வேண்டுமாம். கிராஸ் கட். இரண்டு நாளில் தைத்து, காஜா வரை முடித்துவிட்டேன்.

எங்கள் கடைக்கும் பெயர்ப் பலகை கிடையாது. ஆகவே ஜாக்கெட்டோடு நானும் போக வேண்டும். அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினால் நான் ஊருக்கு வந்துவிடலாம்.

பெர்க்மான்ஸ் ஒட்டும் டேப்போடு பெட்டியருகே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள துணி விட்டிருக்கியா?"

"ரெண்டு இஞ்ச்."

அவர் ஜாக்கெட்டின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப நாளாகும்" என்றார். "புளி எங்க வச்சிருக்க?"

"மேல் தட்டுல, சிவப்பு மூடி டப்பாவுல. சைக்கிளுக்கு வாரம் ஒருக்க காத்தடிங்க. கப்பல் கொழும்புல நிக்கும்போது ஃபோன் பண்ணுதேன்."

ஜாக்கெட்டை மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் படுத்தேன். என் அளவுக்குச் சரியாக இருந்தது. தலைப்பக்கமும் கால்பக்கமும் அண்ணாச்சி இரண்டிரண்டு அங்குலம் விட்டிருந்தார்.