நெட்டையன் வைத்த லீவர்

அண்ணன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் பாதியில் விட்ட ஆல்பத்தின் கடைசிப் பாட்டை வாசித்து முடிக்கத் தங்கை ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். அவளிடமும் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் உண்டு. ஆனால் மற்ற ஒன்பது பாட்டிலும் ஒலிப்பது அவன் கிட்டார். அதே சத்தம்தான் வேண்டும் என்பதால் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இன்று சரியாக வராவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்துவிடுவோம் என்று தயாரிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற கிட்டார் இல்லை. மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். கைகள் கம்பியைப் பார்த்துக்கொள்ள, பாதம் பெடலை மிதிக்க, முழங்கால் அடியில் தொங்கும் லீவரைத் தள்ள வேண்டும்; தள்ளத் தள்ளக் கம்பி இறுகிச் சுரம் ஏறும். லீவரை அவரவர் காலுக்கு எட்டும் இடத்தில் முடுக்கிக்கொள்வார்கள். அண்ணனோ நெட்டையன். வாசற்கதவில் தலை முட்டாத நாளில்லை. இவளைக் 'குள்ளக் கத்தரிக்கா' என்றுதான் கூப்பிடுவான்.

உயரத்துக்கு இரண்டு தலையணை போட்டாயிற்று. லீவருக்கு என்ன போடுவது? பாட்டின் முடிவில் ஒரு சுரம் மெல்ல மேலேற வேண்டும். அவள் முழங்காலை எவ்வளவு எக்கித் தள்ளியும் அது பாதியிலேயே நின்றது. ஆறு தடவை எடுத்தாயிற்று.

"ஏம்மா, லீவரை ரெண்டு விரக்கடை நகர்த்திக்கோயேன். ஒரு திருகுதானே?" ஒலிப்பதிவாளரின் குரல் ஹெட்போனில் வந்தது.

"அது அண்ணன் வச்சது. தொடமாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேற ஆள் வந்து தொடுவான்."

அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. சட்டைகளைக் கொடுத்தாயிற்று, கட்டிலைப் பிரித்தாயிற்று. அவன் இவ்வளவு உயரம் என்று காட்ட மிச்சமிருந்தது இது ஒன்றுதான். தலையணையை விட்டு இறங்கினாள். பிறகு குனிந்து, முடுக்குச் சாவியால் திருகைத் தளர்த்தி, லீவரைத் தன் பக்கம் இழுத்து முடுக்கினாள். அது இருந்த இடத்தில் மட்டும் இரும்பு புதுசு போல இருந்தது.

ஏழாவது தடவை சுரம் ஏறி நின்றது. அது ஓயும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. நன்றாக வாசித்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒலிப்பதிவாளர் உள்ளே வந்து, தரையில் கிடந்த சாவியை எடுத்தார். "பழைய இடத்துக்கே மாத்திடட்டுமா?"

"வேணாம்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அங்க எட்டுற காலு இனிமே எங்க வீட்ல இல்ல."