முன்னிருக்கையின் பாரம்

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர் உண்டு. ஆயினும் அதைச் சொல்லி அழைத்தால் அவளே சற்றுத் தயங்கித்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் உட்கார்ந்து உண்டதை அவ்வீட்டார் அரிதாகவே கண்டிருந்தனர். தொலைபேசியில் பேசும்போது கூடத்தின் நீளத்தை அளந்துகொண்டே பேசுவாள். பார்சல் நிறுவனம் ஒன்றில், மூட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் பகுதிக்கு அவள் மேற்பார்வையாளர். அங்கும் அவளுடைய நாற்காலியில் பிறருடைய பைகளே உட்கார்ந்திருக்கும். அன்று காலை, பட்டறையின் லிஃப்டில் தலைக்கு மேலே நின்ற தந்தையின் பழைய காருக்கு அடியில் அவள் இங்குமங்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. துரு கண்ணுல விழும்," என்றான் மெக்கானிக்.

"நீங்க வேலையைப் பாருங்க தம்பி."

"நீங்க நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. அந்த ஸ்டூல்ல உட்காரக் கூடாதா?"

"உட்கார்ந்தா வேலை சீக்கிரம் முடியுமா?"

"நின்னா மட்டும்?"

அவள் நின்றாள். மறுகணமே சாவிக்கொத்தை விரலில் சுழற்றத் தொடங்கினாள்.

மெக்கானிக் கைவிளக்கை உயர்த்திக் காட்டினான். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் உடலோடு சேருமிடத்தில் ரப்பர் உருளை ஒன்று உண்டு. அதற்குப் புஷ் என்று பெயர். சாலைப் பள்ளத்தின் அடி உள்ளே இருப்பவர்மீது ஏறாதபடி அதுவே வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியிலோ அது பிளந்து, நைந்து, ஒருபுறமாகப் பிதுங்கித் தொங்கிற்று. இரும்பின்மீது இரும்பு மோதிய பளபளப்பு அவ்விடத்தில் தெரிந்தது.

"இது ஒண்ணுதானா?"

"ரெண்டு பக்கமும் இதே கதிதான். புஷ்ஷுக்கு என்னக்கா பெரிய விலை? ஒரு ஜோடி செருப்பு வாங்கற காசு. கழட்டி மாட்டற கூலிதான் எகிறும். போல்ட் எல்லாம் உள்ளயே ஒட்டிப் போயிருக்கு. ஒவ்வொண்ணையும் உருவி எடுக்கறதுக்குள்ள உயிர் போ…" அவன் சட்டென நிறுத்திக்கொண்டான். "ரொம்பக் கஷ்டம்."

அவள் எதற்காக விரைகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். வண்டியைக் கொண்டுவந்து விட்டதுமே சொல்லியிருந்தாள்.

சென்ற வாரமே விசாரித்தபோது அவன் கேட்ட தொகை, வண்டியை அப்படியே விற்றால் கிடைக்கக்கூடியதில் பாதியைத் தாண்டியிருந்தது. அண்ணனிடம் சொன்னபோது, "அந்தக் காசுல ஆம்புலன்ஸ் அப்பாவுக்கு ஊரையே சுத்திக் காட்டிட்டு வரும்," என்றான். அவன் கணக்குத் தணிக்கை செய்பவன். எதையும் அருகே இன்னொன்றை வைத்துத்தான் பார்ப்பான். அவன் சொன்னதிலும் தவறில்லை. உண்மையில், பல ஆண்டுகளாக இந்தச் செலவை மறுத்துவந்தவர் தந்தையேதான். "டயரும் ரப்பர்தான், இதுவும் ரப்பர்தான். விரல் தண்டி ரப்பருக்கா இவ்வளவு?" என்பார். சத்தம் மிகுந்தபோது ரேடியோவைக் கூட்டி வைத்தார். "இப்ப கேக்குதா? கேக்கலல்ல? சரியாயிடுச்சு." நீரேற்று நிலையத்தின் இரைச்சலிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவருக்கு, முன்சக்கரத்தில் யாரோ தட்டுவது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

நோய் முதுகெலும்புக்குள் புகுந்தபின்னரே அது பெரிய செய்தியாயிற்று. சென்ற வாரம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கிற்று. அவர் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தார். சற்று நேரங் கழித்து, "உள்ள எவனோ சுத்தியலோட உட்கார்ந்திருக்கான். ஓரமா நிறுத்தி அவனை இறக்கி விடு," என்றார். அவள் சிரிக்க முயன்றாள்; முடியவில்லை.

நேற்று மருத்துவர், இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்றார். அதன் பொருளை மூவருமே அறிந்திருந்தனர். தந்தைக்கு ஆம்புலன்ஸ் மட்டும் பிடிக்கவில்லை.

"படுத்துக்கிட்டே போனா அதோட கூரைதான் தெரியும். நான் முன்சீட்டுல உட்கார்ந்து வரேன். ஏரிக்கரை வழியாப் போகலாம்."

நீரேற்று நிலையம் அந்த ஏரியின் கரையில் இருந்தது. புதுச்சாலை வந்தபின் அவ்வழியை எல்லோரும் கைவிட்டிருந்தனர்.

"அந்த ரோடு குண்டும் குழியுமா இருக்குப்பா. உங்களால தாங்க முடியாது."

"அப்ப வண்டியைச் சரி பண்ணு."

அவள் வியந்து பார்த்தாள். அவர் கண்ணை மூடியபடியே, "எவ்வளவு கேக்கறான்?" என்றார்.

அவள் பாதித் தொகையைச் சொன்னாள்.

"பேசிக் குறைச்சியா?"

"குறைச்சேன்."

"என் பொண்ணுடி நீ." அவருடைய முகம் மலர்ந்தது. "பில் வாங்கிட்டு வா. பாக்கணும்."

அதைத்தான் இப்போது அவள் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

"தம்பி, முழுக் காசும் குடுத்துடறேன். ஆனா பில்லுல பாதி போட்டுக் குடுங்க. அப்பா கேப்பாரு."

"பாதியா? அதைப் பாத்துட்டு அவரு தெரிஞ்சவங்களை எல்லாம் இங்க அனுப்பி வச்சாருன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"அவரு யாரையும் அனுப்ப மாட்டாரு தம்பி."

மெக்கானிக் தோளிலிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு ஸ்பேனரைத் தேடினான்.

ஒரு பக்கம் முடிய நெடுநேரமாயிற்று. அதற்குள் அவள் பட்டறைச் சுவரிலிருந்த எண்ணெய் விளம்பரம் ஒவ்வொன்றையும் படித்து முடித்துவிட்டாள், அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புக்கு, "மூணாவது அலமாரி, பழைய தராசுக்குப் பின்னாடி. தராசைத் தூக்கிப் பாருங்க, கண்ணால தேடாதீங்க," என்று பதில் சொன்னாள், மருத்துவமனையில் தந்தையோடு இருந்த அண்ணனை மறுபடியும் மறுபடியும் அழைத்தாள்.

"தூங்கறாரு," என்றான் அண்ணன்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"இருக்கு. நீ சும்மா சும்மா போன் பண்ணாத பம்பரம். மணி அடிச்சு நீயே எழுப்பி விட்டுடுவ போலிருக்கு."

"அண்ணி முன் ரூம்ல கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டாங்களா? ஜன்னலைப் பாத்த மாதிரி?"

"போட்டாச்சு. போட்டாச்சு."

மறுபக்கத்தைத் தொடங்குமுன் மெக்கானிக் கேட்டான்: "முன்னாடி உட்காரப் போறவரு கனமான ஆளா?"

"எதுக்கு?"

"கடைசியில இறுக்கும்போது தேவைப்படும்."

"முன்னாடி நல்ல கனம். இப்ப இல்ல," என்றாள்.

மறுபக்கத்துப் போல்ட் எதற்கும் மசியவில்லை. எண்ணெய் விட்டான், சூடு காட்டினான், சுத்தியலால் தட்டினான். முடிவில் அறுக்கும் இயந்திரத்தை எடுத்தான். தீப்பொறிகள் தரையில் சிதறின. அவ்விரைச்சலில் அவளுடைய கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது காதில் விழவில்லை, உள்ளங்கைதான் சொல்லிற்று. அவள் வாயிலைக் கடந்து தெருவுக்கு ஓடினாள்.

"பம்பரம்…" என்றான் அண்ணன். அப்புறம் அவன் பேசவில்லை. பேச்சின் நடுவே நிறுத்துகிறவன் அல்லன் அவன்.

தெருவில் பள்ளி வேன் ஒன்று கடந்து சென்றது. அவள் அதன் பின்புறத்து எண்ணை வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள்.

"வரேன்," என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது மெக்கானிக் அவளுடைய முகத்தைப் பார்த்து இயந்திரத்தை அணைத்தான். வண்டியின் ஒரு பக்கம் புதிய ரப்பரோடு நிறைவாக நின்றது. மறுபக்கத்தில் இரும்புக் கை கழன்று, சக்கரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது.

"நிறுத்திடவா அக்கா?"

அவள் அவ்வெறுமையையே பார்த்தாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள். பிறகு டாக்சி தேடி நடந்தாள்.

மருத்துவமனையில் தந்தையின் கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தனர்; மூக்கின் இருபுறமும் அதன் தடம் மட்டும் சிவந்து எஞ்சியிருந்தது. அண்ணன் அக்கண்ணாடியைக் கூட்டில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அவனுடைய செய்தித்தாள் நான்காக மடிந்து நாற்காலியின் கீழே கிடந்தது.

அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். அது முன்னரே சரியாகத்தான் இருந்தது.

"நடுவுல முழிச்சாரு," என்றான் அண்ணன். "வண்டி ரெடியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெடி, கீழ நிக்குதுன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணாடிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் வருதான்னு கேட்டாரு. வரலன்னு சொன்னேன். 'பாத்தியா'ன்னாரு. அவ்வளவுதான்."

திரைக்கு அப்பால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிச் சென்றார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. இருவரும் அது கூடத்தின் கோடிவரை செல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றனர்.

அதன்பின் அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கீழே ஒரு சாளரத்தில் கையெழுத்து, மேலே ஒரு மேசையில் முத்திரை, மீண்டும் கீழே. அண்ணன் செய்ய வேண்டியவற்றையும் அவளே பிடுங்கிக்கொண்டு செய்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் ஏறினாள். தந்தையின் உடலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வேன் சாயங்காலம் புறப்படும் என்று தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. அதுதான் அவளால் தாங்க இயலாததாய் இருந்தது.

"நீயும் வேன்லயே ஏறிக்க," என்றான் அண்ணன். "கார் அங்கயே கிடக்கட்டும். வேலையை விடச் சொல்லு. இனிமே எதுக்கு அது?"

"நீ அப்பாகூடப் போண்ணா. நான் வண்டியை எடுத்துட்டு வரேன்."

"இன்னிக்கேவா?"

"அப்பாவை ஒருத்தர் பாத்துக்கிட்டா போதும். நான் அந்த வேன்ல உட்கார்ந்து வர மாட்டேன்."

அண்ணன் வாதாடவில்லை. தங்கை உட்கார்ந்து வருவதை அவனாலும் கற்பனை செய்ய முடியவில்லை போலும்.

பட்டறையில் வெயில் சாய்ந்திருந்தது. கார் இப்போது நடுவிலிருந்த வேலைக்குழியின்மேல் நான்கு சக்கரங்களையும் தரையில் ஊன்றி நின்றது. மெக்கானிக் ஸ்டீயரிங்கைக்கூடத் துடைத்து வைத்திருந்தான். ஓட்டுநர் இருக்கையில் மணல் மூட்டை ஒன்று இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதுக்கா. கடைசி இறுக்கு மட்டும் பாக்கி." அவன் தயங்கினான். "வண்டி தொங்கும்போது இந்தப் போல்ட்டை இறுக்கக் கூடாது. தரையில நின்னு, ஆள் உட்கார்ந்த பாரத்தோடதான் இறுக்கணும். இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுடும். அதான், பக்கத்து சீட்டுக்கும் ஒரு மூட்டை…"

"வேண்டாம். நான் உட்கார்றேன்."

அவன் குழிக்குள் இறங்கினான். அவள் கதவைத் திறந்து தந்தையின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

சிறுமியாய் இருந்தபோது அண்ணனோடு பின்னிருக்கை. பின்னாளில் ஓட்டுநர் இருக்கை. இவ்விடத்தில் அவள் அமர்ந்ததேயில்லை. இருக்கையின் சாய்வு சென்ற வாரம் அவருடைய முதுகுக்கு வசதியாகத் தாழ்த்தியபடியே இருந்தது. கதவின் கைப்பிடியில், விரல்கள் பற்றும் இடம் மட்டும் நிறம் வெளுத்து வழுவழுப்பாய் இருந்தது. அவள் அதில் கைவைத்தாள். முன்கண்ணாடியில் தெரிந்த வானம், ஓட்டுபவருக்குத் தெரிவதைவிட அகலமானது.

"அசையாதீங்கக்கா," என்ற குரல் அடியிலிருந்து வந்தது.

அவள் அசையவில்லை. காலடியில் இரும்பு முறுகும் ஒலி கேட்டது; விட்டது; மீண்டும் கேட்டது. முழங்காலும் விரல்களும் அமைதியாக இருந்தன. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சுது."

அவள் இறங்கவில்லை. மெக்கானிக்கும் உடனே மேலே வரவில்லை. ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்களைக் குழிக்குள்ளேயே நின்று மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

பணத்தைக் கொடுத்தபின், அவன் பில் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பேனாவோடு நின்றான்.

"எவ்வளவு… எப்படிப் போடட்டும்?"

"காலையில சொன்ன மாதிரியே போடுங்க தம்பி."

அவன் தலையை நிமிர்த்தாமல் எழுதினான். அவள் அத்தாளை மடித்து, தந்தை வண்டிக் காகிதங்களைத் திணித்து வைக்கும் முன்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நாளைக்கு ஒரு தடவை வீல் அலைன்மெண்ட் பாத்துடணும்," என்றான் அவன். "இன்னிக்கு மெதுவாப் போங்க."

சாலை இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் அண்ணன் அழைத்தான். அவள் ஓரமாக நிறுத்தினாள்.

"வேன் கிளம்பிடுச்சு. நீ எங்க இருக்க? புது ரோட்டுல வா, எங்களுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அதன் சாய்வை அவள் மாற்றவில்லை.

"நான் ஏரிக்கரை வழியா வரேன்."

"அந்த ரோட்டுலயா? அந்த வண்டியிலயா? சத்தம் தாங்காதே!"

"சத்தம் வராதுண்ணா," என்றாள். "மெதுவா வரேன்."