எட்டு மணித் தாழ்ப்பாள்

ஞாயிறு ஆராதனைக்கு ஆலயக் கதவின் தாழ்ப்பாள் காலை சரியாக எட்டு மணிக்கு விழும். அதைப் போடுகிறவர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பாட்டு தொடங்கிவிட்டால் ராஜாவே வந்தாலும் வெளியேதான். சபையில் மிஞ்சியிருந்த பத்தொன்பது பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் நாலு தேறினால் அதிகம். அவர் காதுபடாமல் அவர்கள் அவரை 'தாழ்ப்பாள்' என்றே சொன்னார்கள். ஆள் குறைகிறதே என்று கமிட்டி கூடிக் கூடிப் பேசி, 'எல்லோரும் வருக' என்று ஒரு பலகை எழுதியது. அதையும் அவர்தான் ஆணி அடித்து மாட்டினார், அதே கதவின் வெளிப்பக்கத்தில். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஏழு நிமிஷம் தாமதமாக வந்து அந்தக் கதவைத் தட்டியவள் அவருடைய மகள். எதிர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிவதே எட்டு மணிக்கு. தட்டுவது யாரென்று தெரிந்தும் அவர் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஆலயத்துக்கும் வரவில்லை, அவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

சனிக்கிழமை புதுப் போதகர் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, நாளைக்கு நாலு நர்ஸுங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணும் அதுல ஒருத்தி. எட்டு ஏழுக்கு வந்துடுவாங்க. ஆனா இன்னொரு தடவை தட்டமாட்டாங்களாம்."

செய்தி மச்சான் காதுக்கும் போய்விட்டது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கமிட்டிச் செயலாளர். ஞாயிறு காலை ஆலய வாசலிலேயே அவரை மடக்கினார்.

"பாட்டு ஆரம்பிச்ச பிறகு கதவைத் திறந்தீங்கன்னா, மாப்பிள்ளை, நான் குடும்பத்தோட எழுந்து போயிடுவேன். நாங்க ஆறு பேர். அப்புறம் யாரை வெச்சு சபை நடத்துவீங்க?"

எட்டு அடித்தது. பழகிய கை தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது. பாட்டு தொடங்கியது. எட்டு ஐந்துக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து மச்சான் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

எட்டு ஏழு. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து நின்றது.

யாரும் தட்டவில்லை. பாட்டில் இன்னொரு சரணம் முடிந்தது. அப்போதும் தட்டவில்லை. பிறகு ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் திரும்பி ஒரு படி இறங்கியது. அந்த நடை அவருக்குத் தெரியும். தாழ்ப்பாளை இழுத்தார். அந்தச் சத்தத்தில் பாட்டு நின்று, எல்லாத் தலையும் திரும்பியது.

சீருடையோடு மூன்று பேர் வாசலில் நின்றார்கள். ஒரு படி கீழே மகள்.

"ஆரம்பிச்சிடுச்சாப்பா?"

நேரத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது.

"நீ ஏழு நிமிஷம் லேட்டும்மா," என்றார். "நான் மூணு வருஷம் லேட்டு. உள்ள வா."

அவர்கள் உள்ளே வர, மச்சான் சொன்னபடியே எழுந்து வந்தார். பின்னாலேயே குடும்பமும் வந்தது. வாசலில் நின்று, தடுக்கிறாரா பார்ப்போம் என்பதுபோல மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார்.

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க மச்சான். எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாலும் சரி. தட்ட வேண்டியதில்ல."